வாங்க என்று ஒரு வார்த்தை

தம்பி,

நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும். காலையில்தான் ஏதோ ஓட்டல் தோசையைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டிருந்தாய். அதனால் நலம் விசாரிக்கிற வேலை எனக்கு மிச்சம். போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் நான் பேசப் பேச நீ ‘ம், ம்’ என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருப்பாய். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கும். நடுவில் நான் நிறுத்திவிட்டால், நிறுத்தினது தெரியாமல் இன்னும் இரண்டு ‘ம்’ போடுவாய். முப்பது வருஷம் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்தியவளுக்கு இந்த அவமானம் போதும். காகிதத்தில் எழுதினால் பாதியில் யாரும் ‘ம்’ போட முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படி. நான் கோபமாக இருக்கிறேன். யார் மேல் கோபம் என்பது எழுத எழுத எனக்கே மாறிக்கொண்டு போகிறது, அதையும் சேர்த்தே படி.

உன் நிச்சயதார்த்தத்தன்று காரைக்குடி மகாலில் என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்காது. உன்னைப் பொறுத்தவரை அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை. அதனால், வாசலில் நின்றவர்கள் சொன்னதை வைத்து நான் சொல்கிறேன். நீ வாசலில் பெங்களூர்ச் சிநேகிதர்களோடு நின்றாய். காரில் வந்து இறங்கிய ஒவ்வொருவனையும் கட்டிப்பிடித்தாய், முதுகில் தட்டினாய், ஒருவனைத் தூக்கிச் சுற்றக்கூடச் சுற்றினாய். அப்போது என் அண்ணன், உன் தாய்மாமன், பஸ்ஸை விட்டு இறங்கி அந்த வெயிலில் நடந்து வந்தார். ஒரு தோளில் தன் தோட்டத்து வாழைத்தார், கையில் உனக்கு எடுத்த வேட்டி சட்டை. உனக்கு எதிரே வந்து நின்றார். நீ போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. தாடையால் மண்டபத்தைக் காட்டி, “உள்ள போங்க மாமா, அம்மா உள்ளதான் இருக்காங்க” என்றாய். அவ்வளவுதான். வாங்க என்கிற வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை. வாசலில் வந்து நின்ற தாய்மாமனைப் பார்த்து நீ சொன்ன முதல் வார்த்தை ‘போங்க’.

நீ சிரிப்பாய் என்று தெரியும். உள்ளே போகச் சொன்னதும் வரவேற்புதானே அம்மா என்பாய். பெங்களூரில் இருக்கலாம். இங்கே, வாசலில் வந்து நிற்கிறவரைப் பார்த்து ‘வாங்க’ என்று கேட்ட பிறகுதான் அவர் அந்த வீட்டுக்கு வந்தவர் ஆகிறார். கேட்காவிட்டால் அவர் தெருவில் போகிறவர்தான், தெரியாமல் உள்ளே நுழைந்துவிட்டவர். ‘என்னைய வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல’ என்று சொல்லி இருபது வருஷம் ஒரு வீட்டு வாசலை மிதிக்காதவர்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அது சரியா, வறட்டு வீம்பா என்று என்னிடம் கேட்காதே. எனக்கும் பல நாள் எரிச்சல் வந்திருக்கிறது. ஆனால் அந்த வழக்கத்தில் பிறந்து, அந்த மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவன் நீ. தெரியாது என்று நீ சொல்ல முடியாது.

மாமா உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் மேடையிலிருந்து பார்த்துக் கையை அசைத்தேன். தட்டு மாற்றுகிற நேரம், இறங்கி வர முடியவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், நானும் இறங்கிப் போய்க் கேட்கவில்லை. பந்தி போட்டதும் தேடினேன், ஆளைக் காணோம். வாழைத்தார் மட்டும் சமையல்கட்டு வாசலில் சாய்த்து வைத்திருந்தது. பந்தி விசாரித்துக்கொண்டிருந்த உன் அப்பாவிடம் கேட்டேன். “ஒங்க அண்ணன் அப்பவே பஸ்ஸுக்குப் போயிட்டாகளே, ஒனக்குத் தெரியாதா?” என்றார். சாயங்காலம் அத்தைக்குப் போன் போட்டேன். அத்தை சண்டை போடுகிற ஆள் இல்லை. “கை நனைக்காமத்தான் வந்தாக. பசிக்குதுன்னாக. பழைய சோத்தக் கரைச்சுக் குடுத்தேன், குடிச்சுட்டுப் படுத்துட்டாக” என்று மட்டும் சொன்னாள். அங்கே பதினெட்டு வகை வைத்து இருநூறு பேருக்கு இலை போட்டோம், தம்பி. உன் சிநேகிதர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். என் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பழைய சோறு குடித்தார்.

உன்னிடம் சொன்னேன். நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “அம்மா, இதெல்லாம் ஒரு மேட்டரா? சரி விடு, நான் ஒரு மெசேஜ் போட்டுர்றேன்.” போட்டாய். இரண்டு வரி. ‘மாமா, சாரி இஃப் ஐ அஃபெண்டட் யூ. இட் வாஸ் நாட் இன்டென்ஷனல்.’ பக்கத்தில் கும்பிடுகிற கை ஒன்று. ஐந்தாம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனவருக்கு இங்கிலீஷில் மன்னிப்பு. ஏன் தமிழில் எழுதவில்லை என்று கேட்டதற்கு, தமிழ் டைப் பண்ண நேரமாகும் என்றாய். தூக்கிச் சுற்றுவதற்கு நேரம் இருந்தது.

அந்த அஃபெண்ட் என்கிற வார்த்தையைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை வருஷா வருஷம் நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் எழுதி, மனம் புண்படுத்துவது என்று அர்த்தம் சொல்லி, வாக்கியம் போடச் சொல்லி, தப்பாகப் போட்டவனை எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் அது எனக்கு ஒரு வினைச்சொல், அவ்வளவுதான். நீ பேசக் கேட்ட பிறகுதான் அதற்கு இத்தனை வேலை உண்டு என்று தெரிகிறது. ‘நோ அஃபென்ஸ் மா’ என்று தொடங்கிவிட்டு என் சாம்பாரைப் பழிப்பாய். ‘டோன்ட் கெட் அஃபெண்டட்’ என்று சொல்லிவிட்டு உன் அப்பாவின் சட்டையைக் கிண்டல் பண்ணுவாய். ஆபீஸ் போனில் எவனையோ போட்டு வறுத்துவிட்டு, கடைசியில், ‘ஆர் யூ அஃபெண்டட்?’ என்று அவனையே கேட்கிறாய். பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்துவிட்டு, ‘ஒங்களுக்கு வலிச்சிருந்தா சாரி’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? வலித்ததா இல்லையா என்று நிரூபிக்கிற பொறுப்பும் மிதிபட்டவருக்கே வந்து சேருகிறது. மிதித்தேன் என்று ஒரு வார்த்தை கிடையாது. நம்மாலும் முடிகிற வேலைதான் இது, இங்கிலீஷை மட்டும் குறை சொல்லி என்ன பயன். ‘தப்பா எடுத்துக்காதீக’ என்று நாமும் தினம் பத்துத் தடவை சொல்கிறோம். எடுத்துக்கொண்டவர் மேல்தான் தப்பு, கொடுத்தவர் மேல் இல்லை. ‘அவரு கோவிச்சுக்கிட்டாரு’ என்கிறோம், என்னவோ கோபம் என்பது அவராகக் கடைக்குப் போய் வாங்கிவந்த சாமான் மாதிரி.

நாளைக்கு நம் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணிடமும் இதே மாதிரிதான் பேசப்போகிறாயா என்று நினைத்தால் எனக்குப் பகீர் என்கிறது. உன் அப்பா கல்யாணமான புதிதில் ஏதாவது சுருக்கென்று சொல்லிவிட்டு, என் முகம் மாறியதும், ‘ஒனக்கு எதச் சொன்னாலும் ரோசம் வந்துரும்’ என்பார். சொன்னதை அதோடு மறந்துவிடுவார். எனக்கு ரோசம் வருகிற பழக்கம் இருப்பதுதான் வீட்டின் பிரச்சினை என்று ஆகிவிடும். ஏழெட்டு வருஷம் நானே அதை நம்பிக்கொண்டு இருந்தேன். அந்தப் பெண் அப்படி நம்ப மாட்டாள், படித்தவள், வேலை பார்க்கிறவள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். போனால் நான் அவள் பக்கம்தான் நிற்பேன், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ மெசேஜ் போட்ட மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு மாமா வந்தார். உரம் வாங்க வந்ததாகச் சொன்னார். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே கூப்பிட்டார். நான் ஓடிப்போய், “வாங்கண்ணே, உள்ள வாங்க” என்றேன். “இருக்கட்டும் ஆத்தா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார். மறுபடி கேட்டேன். உன் அப்பா எழுந்து வந்து கேட்டார். கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் நகரவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார். “மாப்ள ஏதோ இங்கிலீசுல போட்டுருக்கான். அங்குட்டு யாருகிட்டயும் காட்ட மனசு வரல. நீதான டீச்சரு, வாசிச்சுச் சொல்லு” என்றார்.

படித்தேன். இரண்டு வரியும் கும்பிடுகிற கையும். இருபத்தெட்டு வருஷம் என் கண்ணுக்கு முன்னால் வளர்ந்த பிள்ளையின் மன்னிப்பை, அதற்குரியவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய வேலை எனக்கு வந்தது. உள்ளதை உள்ளபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொய் சொன்னேன். “மாமா, நான் செஞ்சது பெரிய தப்பு. ஒங்களப் பாத்ததும் போனை வச்சுட்டு ஓடி வந்து வாங்கன்னு கேட்டுருக்கணும். நீங்க சாப்பிடாமப் போனது தெரிஞ்சதுலேர்ந்து எனக்கு மனசு சரியில்ல. ஞாயித்துக்கெழமை நேர்ல வாரேன், அத்தைகிட்டயும் மன்னிப்புக் கேக்கணும். இப்புடி எழுதியிருக்கான்ணே” என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ எழுதியிருக்க வேண்டியதையெல்லாம் நான் எழுதினேன், தம்பி, தெருவில் நின்றுகொண்டு, எழுதாமல்.

மாமா போனை வாங்கிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, “நீ சொன்னது இம்புட்டு நீளமா இருக்கு. இங்குட்டு ரெண்டு வரிதான இருக்கு” என்றார். நான் இங்கிலீஷில் எல்லாம் சுருக்கமாக வரும் என்று ஏதோ உளறினேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “நீ சொன்னது நல்லாருந்துச்சு ஆத்தா. அவன் எழுதலைன்னாலும் நல்லாருந்துச்சு” என்றார். கல்யாணத்துக்கு வந்துவிடுங்கள் அண்ணே என்றேன். “வராம? தாய்மாமன் மாலை வேற எவன் போடுவான்? வருவேன், போடுவேன். பந்தியில மட்டும் ஒக்கார மாட்டேன். அத நீ கேக்கக்கூடாது” என்றார். உன் அப்பா ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். மாமா கேட்கவில்லை. உரப் பையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “அப்ப நான் வாரேன் டீச்சர்” என்றார்.

உன் அப்பா அதைக் கிண்டல் என்று நினைத்துக்கொண்டார். அது கிண்டல் இல்லை என்று எனக்குத்தான் தெரியும். ஏன் என்று உன்னிடம் சொல்லியாக வேண்டும். உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நான் வேலை பார்த்த பள்ளிக்குப் புதிதாக ஒரு தலைமையாசிரியை வந்திருந்தார். எதற்கெடுத்தாலும் இங்கிலீஷ்தான். அவர் முன்னால் நான் என் உச்சரிப்பைப் பற்றியே எந்நேரமும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் மதிய இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் அண்ணன் வந்து நின்றார். அன்றைக்குப் பிடுங்கிய நிலக்கடலை ஒரு சாக்கு, மண்ணோடு. பச்சைக்கடலை எனக்குப் பிடிக்கும் என்று வயலிலிருந்து நேரே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார். முழங்கால் வரைக்கும் சேறு, தோளில் துண்டு, சட்டை இல்லை. நான் கல்லூரியில் படித்த மூன்று வருஷமும் இதே சைக்கிளில்தான் காலையில் என்னைப் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டவர். தலைமையாசிரியை அவரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி யார் என்று கேட்டார். நான், “சம்படி ஃப்ரம் அவர் வில்லேஜ், மேடம்” என்றேன். ஊர்க்காரர் யாரோ என்றேன், அண்ணன் என்று சொல்லவில்லை. எழுந்திருக்கவில்லை. வாங்க என்று கேட்கவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அங்கே வைத்துவிட்டுப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்தேன். தெரியாதுதான். வில்லேஜ் என்கிற வார்த்தை தெரியாதவர் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள். சாக்கைக் கதவோரம் இறக்கி வைத்தார். சிந்திய மண்ணைத் துண்டால் கூட்டி அள்ளிக்கொண்டார். நிமிர்ந்து, எல்லாரும் கேட்கிற மாதிரி, “அப்ப நான் வாரேன் டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரைக்கும் அவர் என்னை ஆத்தா என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று, நான் சொன்ன பொய்க்குத் தகுந்தபடி தன்னை ஊர்க்காரராக மாற்றிக்கொண்டு போனார். அதன் பிறகு நான் வேலை பார்த்த எந்தப் பள்ளிக்கும் அவர் வந்ததில்லை.

ஒரு வாரம் கழித்துப் பலகாரம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். “அண்ணே, அன்னைக்கு ஏதாச்சும் தப்பா நெனச்சிருந்தா மனசுல வச்சுக்காதீக” என்றேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல ஆத்தா, காப்பி குடி” என்றார். எனக்கு அப்படியொரு நிம்மதி. திரும்பி வருகிற பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன். இப்போது அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். நீ அனுப்பிய இரண்டு வரிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? நான் பலகாரம் வாங்கிப் போனேன், நீ கும்பிடுகிற கையைப் போட்டாய். நீ இதை எங்கே கற்றுக்கொண்டாய், பெங்களூரிலா, ஆபீஸிலா என்று இரண்டு வாரமாகப் பொருமிக்கொண்டிருந்தேன். வேறு எங்கும் போகத் தேவையில்லை போலிருக்கிறது.

அதனால் உன்னை மட்டும் திட்டுகிற தெம்பு எனக்கு இல்லை. திட்டாமல் விடவும் மனசில்லை. நான் செய்ததற்கு எனக்கு ஒரு சாக்குக்கூட இருந்தது, பயந்தாங்கொள்ளியாக இருந்தேன், வேலை புதிது. உனக்கு என்ன பயம்? உன் சிநேகிதர்கள் முன்னால் மாமாவை நீ மறைக்கவில்லை. உனக்கு அவர் கண்ணிலேயே படவில்லை. எது மோசம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, யோசித்து நீ சொல்லு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நான் கீழச்சிவல்பட்டிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். உன் அப்பாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் உனக்காகப் போகவில்லை. உன் மன்னிப்பை மொழிபெயர்த்ததோடு அந்த வேலை எனக்கு முடிந்தது, இனி அதை நீதான் உன் வாயால் சொல்ல வேண்டும். நான் என்னுடையதைச் சொல்லப் போகிறேன். ‘அண்ணே, அன்னைக்கு ஒங்கள அண்ணன்னு சொல்ல வெக்கப்பட்டேன்’ என்று சொல்லப் போகிறேன். இருந்தால், நினைத்திருந்தால் என்று எதையும் முன்னால் ஒட்டாமல் சொல்ல வேண்டும். இரண்டு நாளாகச் சமையல்கட்டில் தனியாக நின்று சொல்லிப் பார்க்கிறேன், பாதியிலேயே நிறுத்திவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விடுகிறேன். இத்தனை வருஷம் பிள்ளைகளை எழுந்து நின்று சொல்லு, சத்தமாகச் சொல்லு என்று அதட்டியவள் நான்.

நீ வருவதென்றால் சனிக்கிழமையே பஸ் ஏறு. வராவிட்டால் மறுபடி ஒரு மெசேஜ் மட்டும் போட்டுவிடாதே, என்னால் இன்னொரு தடவை பொய் சொல்ல முடியாது. வந்தால் ஒன்றுக்கு மட்டும் தயாராக வா. மாமா கதவைச் சாத்திக்கொள்வார், முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நீ நினைக்கலாம். அப்படிச் செய்தால் நமக்குச் சுலபம். அவர் செய்ய மாட்டார். தெருமுனையில் நம் தலை தெரிந்ததுமே எழுந்து வாசலுக்கு வந்துவிடுவார். நாம் வாய் திறப்பதற்கு முன்னால், ‘வாங்க’ என்று நம்மைக் கேட்டுவிடுவார். அதைக் காதில் வாங்கிக்கொண்டு அந்த வாசலைத் தாண்ட வேண்டும், தம்பி.

அம்மா